எச்சம் சொல்லும் இரகசியம்



வீட்டில் ஒருவருக்குத் தடிமன், காய்ச்சல் வந்தால் அது மற்றவர்களையும் தொற்றிக்கொள்வதை எத்தனையோ தடவை கண்டிருப்பீர்கள். இருமலாலும் தும்மலாலும் பரவும் நோய் என்றுதான் இன்புளுவென்சாவை நாம் அறிந்து வைத்திருக்கிறோம். மனிதரைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் இந்த வைரஸின் பூர்வீக வீடு நீர்ப்பறவைகளின் குடல் என்று சொன்னால் நம்புவீர்களா?

கடற்கரையில் பிறந்த கேள்வி

1960களின் பிற்பகுதியில் ரொபர்ட் வெப்ஸ்டர், கிரேம் லேவர் என்னும் இரு விஞ்ஞானிகள் அவுஸ்திரேலியக் கடற்கரையொன்றில் நடந்து சென்றபோது, கடற்பறவைகள் பல செத்துக் கிடப்பதைக் கண்டனர். 1961 இல் தென்னாபிரிக்காவில் ஆலாப் பறவைகள் இன்புளுவென்சாவினால் கூட்டமாக மடிந்திருந்தன. இவற்றைக் கொன்றதும் அதே நோய்தானோ என்ற சந்தேகம் அவர்களுக்கு எழுந்தது. பின்னர் அவுஸ்திரேலியாவின் பவளப்பாறைத் தீவுகளுக்குச் சென்று பறவைகளில் மாதிரிகள் எடுத்தார்கள். 1972 இல் அவர்கள் தேடிய வைரஸ் ஒரு கடற்பறவையிலிருந்து கிடைத்தது.

1978 இல் வெப்ஸ்டர் குழுவினர் இன்னொரு உண்மையை வெளியிட்டனர். வாத்துக்களின் குடலில் இவ்வைரஸ் பெருகி, எச்சத்தோடு ஏராளமாக வெளியேறுகிறது. வாத்தோ பெரும்பாலும் நோயின் அறிகுறியே இல்லாமல் நீந்தித் திரிகிறது! குளிர்ந்த நிலையில் எச்சத்தில் 30 நாட்கள் வரையிலும் வைரஸ் உயிர்ப்போடு இருந்தது. ஒரு குளத்து நீரைப் பல பறவைகள் பகிர்ந்துகொள்ளும்போது நோய் எப்படிப் பரவும் என்பது இதனால் விளங்கியது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

1985 முதல் அமெரிக்காவின் டெலவெயர் விரிகுடாவில் ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுதோறும் மே மாதத்தில் பறவை எச்சம் சேகரிக்கின்றனர். குதிரைலாட நண்டுகளின் முட்டைகளைத் தின்ன அங்கு கூடும் பறவைகளுள், கற்களைப் புரட்டி இரை தேடும் ஓர் உள்ளான் இனத்தில் இவ்வைரஸ் அதிகம் அகப்படுகிறது. அதே இனம் வேறு பாதையில் நம் நாட்டுக் கரைகளுக்கும் குளிர்கால விருந்தாளியாக வருகிறது.

எச்சத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்து, குளிரூட்டிய நிலையில் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அதைக் கரு வளரும் கோழிமுட்டைக்குள் செலுத்துவது பழைய முறை. வைரஸ் இருந்தால் முட்டையில் பெருகும். கொவிட் காலத்தில் நாமெல்லோரும் கேள்விப்பட்ட பிசிஆர் சோதனை இன்று இதற்கும் பயன்படுகிறது. எச்சத்திலுள்ள பறவையின் மரபணுவை வாசித்து, அது எந்த இனத்தின் எச்சம் என்பதைக்கூடச் சொல்லிவிடுகிறார்கள்.

இவ்வைரஸின் மரபணுவை எட்டுத் தனித்தாள்களில் எழுதிய சமையல் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு வேறு வைரஸ்கள் ஒரே பறவைக்குள் புகுந்துவிட்டால், இரண்டு குறிப்புகளின் தாள்களும் கலந்து புதியதொரு குறிப்பு உருவாகிவிடும். எச்5என்1 போன்ற பெயர்கள் வைரஸின் மேற்பரப்பிலுள்ள இரு புரதங்களைக் குறிப்பவை. எட்டுத் தாள்களையும் வாசித்தால், எந்தத் தாள் எங்கிருந்து வந்தது, கோழிகளைக் கொல்லும் வகையா, சாதுவானதா என்பதெல்லாம் தெரியவரும்.

இந்த வாசிப்பு ஏன் அவசியம்?

1997 இல் ஹொங்கொங்கில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் எச்5என்1 தொற்றி இறந்தான். அவ்வாண்டில் அங்கு 18 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களுள் 6 பேர் மரணித்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளும் பிற வளர்ப்புப் பறவைகளும் அழிக்கப்பட்டன. மரபணுவை வாசித்தபோது, 1996 இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்துப் பண்ணைக் கூஸ் வாத்து ஒன்றில் கண்ட வைரஸோடு அதற்கு உறவு இருந்தமை தெரிந்தது. 2005 இல் சீனாவின் சிங்காய் ஏரியில் அதன் வழிவந்த வைரஸ் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகளைக் கொன்றது. 2024 இல் அமெரிக்காவில் கறவைப் பசுக்களிலும் எச்5என்1 கண்டுபிடிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காட்டுப் பறவைகளின் குடலில் சாதுவாக இருக்கும் எச்5, எச்7 வகைகள், ஆயிரக்கணக்கான கோழிகளை நெருக்கி அடைத்த பண்ணைகளுக்குள் புகுந்த பின்னரே பெரும்பாலும் கொடியவையாக மாறுகின்றன. ஆகவே வலசை வரும் பறவைகளைக் குற்றவாளிகளாக்கிக் கல்லெறிவதில் நியாயமில்லை. அவற்றின் எச்சத்தைத் தொடர்ந்து சோதிப்பது, வெள்ளம் வருமுன் ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து பார்ப்பதைப் போன்றது.

நாம் செய்ய வேண்டியவை

செத்த பறவையைப் பிள்ளைகள் கையால் தொட விடாதீர்கள். வீட்டில் கோழி, தாரா வளர்ப்பவர்கள், அவற்றின் தீனிக்கும் தண்ணீருக்கும் காட்டுப் பறவைகள் வராதவாறு மூடி வையுங்கள். கூட்டைத் துப்புரவு செய்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். கோழிகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தால், அவற்றை அறுத்துச் சமைக்கவோ அயலவருக்குக் கொடுக்கவோ வேண்டாம். மிருக வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள். பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் சலாது வெட்டாதீர்கள். எல்லாப் பகுதியும் 70 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகி நன்கு வெந்த இறைச்சியில் இவ்வைரஸ் பிழைத்திருக்காது. எனவே கறிச்சட்டியைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அதை அடுப்பில் வைக்குமுன் நம் கைகள் சுத்தமாக இருக்கின்றனவா என்பதையே பார்த்துக்கொள்ள வேண்டும்.