அப்பா இல்லாமல் பிறந்த வான்கோழி தெரியுமா?

சேவல் நெருங்காமலே ஒரு பெட்டை இடுகிற முட்டையில் உயிர் வளருமா? வளர்ந்திருக்கிறது! 1950-களில் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், பெல்ட்ஸ்வில் என்ற ஊரிலிருந்த அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் மார்லோ ஓல்சன் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். அப்படி வளர்ந்த கருக்களில் பெரும்பாலானவை ஓட்டுக்குள்ளேயே செத்துப்போயின. ஆனால் சில ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, நடந்து, வளர்ந்தும்விட்டன. அத்தனையும் சேவல்!

இந்த அதிசயத்தைச் செய்த பறவையின் பெயர் ‘பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை’. அதே பண்ணையில் 1934-ல் தொடங்கி உருவாக்கிய இனம். அந்தக் காலத்து அமெரிக்க வீட்டில் அடுப்பும் சின்னது, குடும்பமும் சின்னது. பெரிய வான்கோழியை வாங்கி என்ன செய்வது? அதனால்தான் சிறிய பறவை. சரி, வெள்ளை ஏன் தெரியுமா? கறுப்பு இறகைப் பறித்தால் இறகுக்குருத்துகள் தோலில் கரும்புள்ளியாக நிற்கும். வெள்ளையில் அது கண்ணுக்குத் தெரியாது!

1950-களில் அமெரிக்கா முழுக்க இதற்கு ஏக கிராக்கி. 1970-களில் தேடினாலும் கிடைக்கவில்லை. அகன்ற மார்புள்ள ராட்சத வெள்ளை இனம் சந்தையைப் பிடித்துவிட்டது. சின்னதாக வேண்டுமென்றால் அதையே இளசில் வெட்டிக் கொடுத்துவிடலாமே! அந்த ராட்சதச் சேவலுக்கு மார்புச் சதை பெருத்துப்போய், பெட்டையோடு இணைசேரவே முடியாது. செயற்கை முறையில்தான் சினைப்படுத்த வேண்டும். பாரம்பரிய இனங்களோ தானே சேரும், மெதுவாக வளரும். பெட்டைகள் 5 முதல் 7 வருடம்கூட முட்டை இடும். 1997-ல் அமெரிக்கப் பொரிப்பகங்களில் கணக்கெடுத்தார்கள். எல்லாப் பாரம்பரிய இனங்களையும் சேர்த்து, இனப்பெருக்கத்துக்கு இருந்த பறவைகள் வெறும் 1,335. ஒரு நாடு முழுவதற்கும்! படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது.

சிறிய இனங்கள் வேறு உண்டா? உண்டு. 1920-களில் ஃபுளோரிடாவில் தோன்றியது ‘ராயல் பாம்’. வெள்ளை இறகுகளின் விளிம்பையொட்டிக் கறுப்புக் கரை. விரித்து நின்றால் கரைவேட்டியை உலர்த்தியதுபோல இருக்கும். அழகுதான், ஆனால் கூரைக்கும் மரத்துக்கும் பறந்துவிடும். மேலே வலை போட முடியாதவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். 1960-களில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்மித் உருவாக்கிய ‘மிட்ஜெட் வெள்ளை’ இன்னும் குட்டி. சாதுவான பறவை. முதன்முதலாக வளர்ப்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

வாங்கப் போகும்போது குஞ்சைப் பார்க்கும் முன் தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள். சேவல் தானே சேருமா, போன வருடம் எத்தனை குஞ்சு பொரித்தது, பெட்டைக்கு என்ன வயது? இதற்குப் பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள். நாட்டுக்கோழி மேய்கிற மண்ணில் வான்கோழியை விடவும் வேண்டாம். கோழியைப் பெரிதாகப் பாதிக்காத ஒரு கிருமி, குடற்புழு முட்டைக்குள் ஒளிந்து மண்ணில் கிடந்து, வான்கோழியின் ஈரலையே அரித்துவிடும்!

இன்னொன்று தெரியுமா? பெல்ட்ஸ்வில் ரத்தம் நம்மூரிலும் ஓடுகிறது! அதையும் நம் கறுப்பு நாட்டு வான்கோழியையும் கலந்து, தமிழ்நாட்டு வெயிலுக்குத் தாங்கும்படி உருவானதுதான் ‘நந்தனம் வான்கோழி-1’.

எந்த இனமானாலும் சரி, 28 நாள் அடைகாத்துப் பொரிந்த வான்கோழிக் குஞ்சைப் பாருங்கள். தீவனத் தட்டு காலடியிலேயே இருக்கும். அதற்குத் தின்னத் தெரியாது. பழக்காவிட்டால் அப்படியே பட்டினியில் செத்துவிடவும் கூடும்! அதனால் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அலகைத் தண்ணீரில் நனைத்துவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் அவித்த முட்டையை உதிர்த்தும் கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கியும் வைப்பார்கள். தட்டில் நாலு கலர் கோலிக்குண்டும் போடுவார்கள். மினுமினுப்பைப் பார்த்து ஓடிவந்து கோலியைக் கொத்தும். அலகு வழுக்கும். பக்கத்துத் தீவனம் வாயில் ஒட்டிக்கொள்ளும்.