உங்களுக்குத் தெரியுமா? – ஆட்டம் போட வைத்த ஒப்பாரி

● கடத்தூர்ப் பக்கம் காதுகுத்துக்கு மைக்செட் கட்டினால், ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்ததும் பொடிசுகள் எழுந்து ஆடும். அந்தப் பாட்டின் நடுவே வருவது ஒப்பாரி! நம் ஊர் எழவு வீட்டில் கேட்கிற அதே வகை அழுகைதான்.

● ‘எஞ்சாமி’ என்றால் ‘என் சாமி’. பேரப்பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டு நம் ஆயாக்கள் கொஞ்சும் சொல். இதற்குத் தனி விளக்கம் நமக்கு வேண்டியதில்லை.

● ஆல்பத்தோடு சேராமல் தனியாக வெளிவரும் பாட்டை ‘சிங்கிள்’ என்பார்கள். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடிய இந்த சிங்கிள் வெளியானது 2021 மார்ச்சில். கதாநாயகன் இல்லை, படம் இல்லை. யூடியூபில் மட்டும் 40 கோடி பார்வைகளைத் தாண்டியது. பிரான்ஸின் டிஜே ஸ்னேக் இதற்கு ரீமிக்ஸ் செய்தார்.

● அரக்கோணத்துக்காரரான அறிவு முதலில் கவனம் பெற்றது ஒரு இசைக்குழுவில்: ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் மேடை. ஏறியவர்கள் 19 பேர். ராக் கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் மறுபக்கம், நடுவில் கானாவும் ராப்பும். சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த பறை கிட்டாருக்குச் சமமாக நின்றதே, அதுதான் எனக்குப் பெரிய செய்தி.

● குழுவின் பெயர், ‘சாதியில்லாத தமிழர்கள்’ என்று அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) முன்வைத்த கருத்திலிருந்து வந்தது. 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கியவர் அவர்.

● கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் அந்த மேடையில் பாடிய ஒரே பெண் இசைவாணி. ஆண்களே பாடிவந்த கானாவில் நிலைத்து நின்றவரை, 2020-இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

● ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டின் வேர் வள்ளியம்மாள். அறிவின் பாட்டி; இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். வீடியோவிலும் அவரைப் பார்க்கலாம். பிரிட்டிஷார் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்கள். 1948-இல் இலங்கை கொண்டுவந்த சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். போகிறீர்களா, இருக்கிறீர்களா என்று அந்த மக்களின் வாயிலிருந்து கேட்டுப் போட்ட கணக்கல்ல அது. மரம் நட்டவருக்கு நிழலில்லை என்ற ஏக்கம் பாட்டுக்குள் எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா?

● புகழ் வந்தபின் இந்தப் பாட்டுக்கும் உரிமைப் பிரச்சினை வந்தது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவின் முகம் இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு அரங்கேறியது. தன் உழைப்பைப் பற்றி அவர் எழுத, தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் சொன்னபோது இன்னும் வருத்தமாக இருந்தது.

● அதே 2024-இல் அறிவு தன் ஆல்பத்தை வெளியிட்டார். பெயர்: ‘வள்ளியம்மா பேராண்டி’.