பிரேக் நீர்ம எச்சரிக்கை விளக்கு

பிரேக் நீர்ம எச்சரிக்கை விளக்கு என்பது, தானுந்தின் பிரேக் நீர்மக் கலத்தில் மட்டம் குறைந்தால் அதனை ஓட்டுநருக்கு அறிவிக்கும் சிவப்பு விளக்கு ஆகும். தொழிற்சாலையில் உருவாகும் தானுந்துகளில் இது கம்பித் தொகுதியுடன் ஆயத்தமாகவே வருகின்றது. தானுந்தைத் தாமே கட்டுபவர் இதனையும் தாமே இணைக்க வேண்டும். இணைப்பு எளிது. ஆனால் விளக்கு எரியாமல் இருப்பது நீர்மம் போதிய அளவு உள்ளதாலா, கம்பி அறுந்துள்ளதாலா என்பதை அறிவதே கடினம்.

பின்னணி

வீட்டில் தானுந்து கட்டும் வழக்கம் பிரித்தானியாவில் ஆழமாக வேரூன்றியுள்ளது. 1957 இல் அறிமுகமான லோட்டஸ் செவன், வாங்குபவரே பொருத்திக்கொள்ளும் உதிரிகளாகவும் விற்கப்பட்டது. அவ்வாறு வாங்கியோர் அன்றைய கொள்முதல் வரியிலிருந்து தப்பினர். 1973 இல் மதிப்புக் கூட்டு வரி வந்தபின் இச்சலுகை நீங்கியது. வழக்கம் நீங்கவில்லை. 1996 இல் ரான் சாம்பியன் எழுதி வெளிவந்த நூலொன்று, 250 பவுண்டுச் செலவில் விளையாட்டுத் தானுந்து கட்டலாம் என்று தலைப்பிலேயே கூறிப் பலரை இத்துறைக்கு இழுத்தது.

இத்தகைய வண்டிகளுக்கு 1998 முதல் தனி வண்டி ஒப்புதல் தேர்வு நடைமுறைக்கு வந்தது. 2009 இல் அதனிடத்தை இன்றைய ஐ.வி.ஏ. தேர்வு பெற்றது. பிரேக் எச்சரிக்கை விளக்கும் அங்கு பார்க்கப்படும் உறுப்புகளுள் ஒன்று. விளக்கு சிவப்பாக இருத்தல், பகலொளியிலும் தெரிதல், அது வேலை செய்வதை ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே எளிதில் சரிபார்க்க இயலுதல் ஆகியன ஐரோப்பிய பிரேக் விதிகளில் நெடுங்காலமாக உள்ளவை.

மின்சுற்று

கலத்தின் மூடியில் ஒரு மிதவையும் அதனால் இயங்கும் ஆளியும், அதாவது சுவிட்சும், உள்ளன. மட்டம் தாழ்ந்தால் மிதவையும் தாழ்ந்து ஆளி மூடுகின்றது. சாவியைத் திருப்பியபின் மட்டும் மின்சாரம் பெறும் இணைப்பிலிருந்து உருகி வழியாக விளக்கின் ஒரு முனைக்குக் கம்பி செல்லும். மறுமுனை மிதவை ஆளிக்கும், ஆளியின் மற்றொரு முனை வண்டியின் சட்டகத்துக்கும் செல்லும். சட்டகம் மின்கலத்தின் எதிர்முனையோடு இணைந்திருப்பதால் ஆளி மூடியதும் சுற்று நிறைவடைகின்றது. கலம் இரு அறைகளும் இரு மிதவைகளும் உடையதாயின் இரு ஆளிகளையும் பக்க இணைப்பில் இணைக்க வேண்டும். தொடராக இணைத்தால் இரண்டு அறைகளும் வற்றிய பின்னரே விளக்கு எரியும்.

12 வோல்ட்டு, 2.2 வாட்டுச் சிறு குமிழ் சுமார் 0.18 ஆம்பியர் மட்டுமே எடுக்கும். ஆகவே மெல்லிய கம்பி போதும். எல்.இ.டி. விளக்காயின் நேர்முனை, எதிர்முனை மாறாமல் இணைக்க வேண்டும்.

சட்டக இணைப்பே கட்டுநரை அதிகம் ஏமாற்றுவது. கண்ணாடியிழை உடல் மின்சாரத்தைக் கடத்தாது. அதில் திருகிய கம்பி எங்கும் இணையாத கம்பியே. எஃகுச் சட்டகத்திலும் தூள் வண்ணப்பூச்சு மின்காப்பாக நிற்கும். அதனைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்து, இணைத்தபின் துருப்பிடிக்காமல் காக்க வேண்டும்.

சோதித்தல்

இச்சுற்றில் ஏற்படும் பழுதுகள் இருவகை. ஆளிக்குச் செல்லும் கம்பி உரசிச் சட்டகத்தைத் தொட்டால் விளக்கு அணையாமல் எரியும்; தொல்லைதான், ஆனால் உடனே தெரிந்துவிடும். கம்பி அறுந்தால் எதுவும் தெரியாது. நீர்மம் வற்றினாலும் விளக்கு இருண்டே இருக்கும்.

இதனால் பலர் கைப்பிரேக் ஆளியையும் அதே விளக்கோடு பக்க இணைப்பில் இணைக்கின்றனர். கைப்பிரேக்கை இழுத்தால் விளக்கு எரிகின்றது. குமிழும் உருகியும் நலம் என்று தெரிகின்றது. தேர்வுக்கு இது பயன்படும். ஆயினும் மிதவைக்குச் செல்லும் கிளையைப் பற்றி இச்சோதனை ஒன்றும் கூறுவதில்லை. முகப்புப் பலகையில் விளக்கின் அருகிலேயே வைக்கப்படும் சோதனைப் பொத்தானுக்கும் இதே குறை உண்டு. பொத்தானுக்கு வரும் கம்பியை மிதவை ஆளியின் முனையிலிருந்தே எடுத்துவந்தால், பொத்தானை அழுத்தும்போது மின்னோட்டம் அம்முனை வரை சென்று திரும்பும். ஒரு மீட்டர் கம்பி கூடுதலாகச் செலவாகும். அது வீண் செலவன்று.

மிதவையையும் அதன் சட்டக இணைப்பையும் சோதிக்க ஒரே வழி மிதவையைத் தாழ்த்துவதே. சில மூடிகளின் மேல் இதற்கென அழுத்தும் இரப்பர்க் குமிழ் உண்டு. மிதவை மூடியோடு சேர்ந்து தொங்கும் வகையில், சாவியைத் திருப்பிவிட்டு மூடியை மெல்ல உயர்த்தினால் மிதவை கீழிறங்கி விளக்கு எரிய வேண்டும். கீழே துணி விரித்துக்கொள்வது நன்று. கிளைக்கோல் வகை நீர்மம் சொட்டினால் வண்ணப்பூச்சைக் கெடுக்கும்.

விளக்கு எரிந்தால்

வளைவிலோ சரிவிலோ மட்டும் மினுங்கினால் மட்டம் எல்லையை நெருங்கியுள்ளது எனக் கொள்ளலாம். மட்டம் குறையக் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு: கசிவு, அல்லது பிரேக் கட்டைகளின் தேய்வு. கட்டைகள் தேயத் தேய உந்துருளிகள் வெளியே நகர்ந்து அதிக நீர்மத்தை ஏற்கின்றன. ஆகவே கட்டைகளையும் குழாய் இணைப்புகளையும் பாராமல் நீர்மத்தை நிரப்பி விளக்கை அணைப்பது, செய்தி கொண்டுவந்தவனைத் துரத்துவது போன்றது.

நீர்மம் ஈரத்தை உறிஞ்சிக் கொதிநிலை குறைந்திருப்பதை இவ்விளக்கு காட்டாது. டாட் 4 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 230 பாகை செல்சியசு. ஈரம் ஏறிய நிலையில் 155 மட்டுமே. பேச்சு வழக்கில் இது பிரேக் ஆயில் எனப்பட்டாலும், இந்நீர்மத்துக்கென அமைந்த பிரேக்குகளில் கனிம எண்ணெயை ஊற்றினால் இரப்பர் அடைப்புகள் ஊதிப் பழுதாகும்.