கட்டைகளின் வரிசையும் பழக்கத்தின் விலையும்

பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்களின் தெருக்கூத்துக்கும் சுருதி தருவது ஆர்மோனியம். ஐந்தரைக் கட்டை என்பது ஐந்தாம் வெள்ளைக் கட்டையை அடுத்த கறுப்புக் கட்டை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லை; ஆதலால் மூன்றரைக் கட்டை என்ற வழக்கும் இல்லை. இந்தச் சீரற்ற வரிசையால், சுருதி மாறினால் விரலமைப்பும் மாற வேண்டும்.

எச்சுருதிக்கும் ஒரே விரலமைப்பு போதுமான விசைப்பலகையை 1882-இல் ஹங்கேரியரான பால் வான் யாங்கோ உருவாக்கினார். அது நிலைபெறவில்லை. ஆசிரியர்களும் கருவிகளும் பழைய வரிசையிலேயே இருக்கையில், தனியே மாறுபவருக்குக் கற்றதெல்லாம் நட்டம். பொருளியலாளர் பால் டேவிட் 1985-இல் தட்டச்சுப் பலகையைச் சான்றாக்கி விளக்கிய 'பாதைச் சார்பு' இதுவே.

நம் கைவினைஞர்கள் வேறு வழி கண்டனர். 'ஸ்கேல் சேஞ்சர்' ஆர்மோனியத்தில் விசைப்பலகையே நகரும். கலைஞரின் விரல்கள் பழகியபடியே இயங்கும். மாற்றத்தின் சுமை கலைஞரிடமிருந்து கருவிக்குப் போகிறது. ஆனால் அதன் விலை அதிகம். நாட்டுப்புறக் கலைஞர்கள் இசைக்கருவி வாங்க அரசு வழங்கும் நிதியுதவி, இவ்விலையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.