தாய்ச்சிக் கலையில் மெல்நடையும் விரைநடையும்

சீன நகரங்களின் பூந்தோட்டங்களிலே வைகறைப் பொழுதில் முதியோர் பலர் நிரையாக நின்று, நீரினுள் நடப்பார் போலக் கைகால்களை மெல்ல மெல்ல அசைப்பதைக் காணலாம். இதுவே தாய்ச்சி எனப்படும் கலை. முதியோர்க்கும் நோயாளர்க்கும் வகுத்த உடற்பயிற்சி இதுவெனப் பலர் கொள்வர். ஆயின் இது போர்க்கலையாகத் தோன்றியதொன்று. பகைவன் மெல்ல வந்து குத்துவானல்லன். அங்ஙனமாக, போருக்கெழுந்த கலையை மெல்லப் பயில்வது எற்றுக்கு என்னும் வினா எழுதல் இயல்பே.

சீனர் தம் போர்க்கலைகளை அகத்தன, புறத்தன என இருவகைப்படுத்துவர். தாய்ச்சி, சிங்யி, பகுவா என்னும் மூன்றும் அகத்தனவற்றுள் தலையாயவை. (நம் இலக்கணத்தார் கூறும் அகம், புறம் என்பன வேறு.) கையின் தசைவலியை நம்பாது, உடல் முழுவதையும் ஒன்றாக இயக்கி விசை பெறுதலே இங்கு அகம் எனப்படுவது. நிலத்தை ஊன்றிய காலிற் பிறந்த விசை, இடையின் திருப்பத்தால் நெறிப்பட்டுக் கையை அடைதல் வேண்டும். இவ்வொழுங்கு சிறிது பிறழினும் விசை இடையிலே சிதறிவிடும்.

மெல்லப் பயில்வதன் காரணம் இவ்வொழுங்கிலேயே உளது. விரைந்து அடியெடுத்து வைப்பவனை அவனுடலின் உந்தமே அடுத்த அடிக்குக் கொண்டுசெல்லும். முழுப் பாரத்தையும் ஒரு காலிலே தாங்கும் வலி அவனுக்கில்லையாயினும் அக்குறை புலப்படாது. சாயுமுன்னே மற்றைக் கால் நிலத்தைச் சேர்ந்துவிடும். அதே அடியைப் பன்மடங்கு மெதுவாக வைக்கும்போது உந்தம் துணைநில்லாது. முழங்கால் நடுங்கும்; தோள் தன்னையறியாது உயரும்; மூச்சு தடைப்படும்; இடை திரும்புமுன் கை ஓடிவிட்டமையும் வெளிப்படும். மெல்நடையை இளைப்பாறுதலென எண்ணுவோர், முழங்கால்களை நன்கு மடித்துத் தாழ்ந்த நிலையில் ஐந்து நிமிடம் பயின்று பார்ப்பாராக. தொடைத்தசைகளே விடை கூறும்.

பட்டுக்கூட்டிலிருந்து நூலெடுத்தலை இதற்கு உவமையாகக் கூறுவர். சடுதியில் இழுத்தால் நூல் அறும். இழுப்பது நின்றாற் சிக்குண்ணும். எனவே மெதுவாகப் பயில்வதினும் இடையறாது பயில்வதே முதன்மையானது. அளவிறந்து மந்தமாயின் அசைவு துண்டுதுண்டாகி, உள்ளமும் உறங்கத் தொடங்கும், அதுவும் குற்றமே.

சங்கீதம் பயில்வோர் ஒரு வர்ணத்தை முதற்காலத்திற் பாடிப் பின் இரண்டாங் காலத்திற் பாடுவது ஈண்டு நினைவுக்கு வரலாம். ஆயினும் அங்கு வேகம் கணக்காக இரட்டிக்கும். தாய்ச்சியில் அத்தகைய கணக்கில்லை.

தொன்மையான முறையிலே மென்மையும் விரைவும் கலந்தேயிருந்தன. ஹெனான் மாகாணத்துச் சென் குலத்தாரின் கிராமத்திலே வழங்கும் முதல் தொடரில், மெல்லென ஒழுகும் அசைவுகளினிடையே திடீரென விசை வெடிக்கும். ‘வச்சிரதரர் உரலில் இடித்தல்’ என்னும் பொருளுடைய நிலையொன்று அதில் உண்டு. வலக்கை முட்டியும் வலக்காலும் ஒருங்கே உயர்ந்து, முட்டி இடது உள்ளங்கையில் விழும் அக்கணத்திலே பாதம் நிலத்தை அதிர மிதிக்கும். இரண்டாம் தொடரோ ‘பீரங்கிக் குத்து’ என்னும் பெயருக்கேற்பப் பாய்ச்சலும் விரைவும் மிக்கது. முதலாவதை நன்கு பயின்ற பின்னரே அதனைக் கற்பது வழக்கு.

அக்கிராமத்திற் கற்ற யாங் லூச்சான் (1799–1872) இக்கலையைப் பெய்ஜிங் நகருக்குக் கொண்டுசென்றார். அவர் பேரர் யாங் செங்பூ (1883–1936) துள்ளலையும் வெடிப்பையும் நீக்கி, தொடர் முழுவதையும் ஒரே சீரான மெல்நடையில் அமைத்தார். செங்பூவின் தமையனாராகிய யாங் ஷாவ்ஹோ (1862–1930) சிறிய, விரைந்த அசைவுகளையே போற்றினார் என்பது கருதத்தக்கது. ஒரே வீட்டில் இருவேறு நடைகள் நிலவின. உலகெங்கும் பரவியது தம்பியாரின் நடையே. 1956 ஆம் ஆண்டிலே சீன அரசின் விளையாட்டு ஆணையம் அதனை 24 நிலைகளாகச் சுருக்கி, ஐந்தாறு நிமிடத்தில் முடியும் தொடராக்கிற்று. இச்சுருக்கத்தால் இலட்சக்கணக்கானோர் உடல்நலம் பெற்றனர். முதியோர் நிலைகுலைந்து விழுதலை இப்பயிற்சி குறைக்குமென ஆய்வுகளும் காட்டியுள்ளன. எனினும் போர்க்கலையின் பாதி கண்ணுக்கு மறைந்தது என்பதையும் மறுத்தல் இயலாது. இக்குறையை உணர்ந்தே போலும், செங்பூவின் மாணவருள் ஒருவரான துங் இங்சியே விரைநடைத் தொடரொன்றைத் தனியே வகுத்தார்.

விரைநடை மெல்நடையிற் கற்றதைச் சோதிக்கும் உரைகல்லாகும். மெல்ல ஆடுங்கால் இடைக்குப் பின்னே சென்ற கை, விரைந்து ஆடும்போது முந்துகின்றதெனில் ஒழுங்கு உடலில் ஊறவில்லை என்பது தெளிவு. மீண்டும் மெல்நடைக்கே திரும்புதல் வேண்டும். தொடக்கத்திலேயே விரைபவர்க்கு இச்சோதனை வாய்ப்பதில்லை. பிழையோடு கூடிய விரைவே அவர்க்கு வழக்கமாகிவிடும்.

இருவர் எதிர்நின்று முன்கைகள் தொட்டவாறு பயிலும் ‘தள்ளுகை’ என்னும் பயிற்சியில் நிலைமை முற்றும் வேறு. எதிரி மெல்ல அசைந்தால் மெல்லத் தொடர்தலும், விரைந்தால் விரைந்து தொடர்தலுமே அங்கு விதி. தனித்து ஆடுங்கால் தான் விரும்பிய வேகத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை அங்கே இல்லை. பல்லாண்டு தனியே மெல்ல ஆடியும் இப்பயிற்சியிற் புகாதவர், முதல் விரைந்த தள்ளலிலேயே கால் பெயர்ந்துவிடுதல் உண்டு.