எடுப்பதா, விடுவதா? கேட்கப்பட வேண்டியவர் எவர்?

நோயாளரைச் சந்திக்கும் நாள் அது. நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், திண்ணையில் அமர்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்த ஒரு தாய் நம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். பல ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக அவருக்கு ஒரு பக்க மார்பகம் அகற்றப்பட்டது. அந்த இடத்தில் சிலிக்கோன் பை ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். இப்போது அந்தப் பை கல்லைப் போல் இறுகிவிட்டது. கையைத் தூக்கினாலே வலி. எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி, நாளும் குறித்தாயிற்று. கணவர் கையொப்பமிட்டுவிட்டார். மூத்த மகன் பணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டான்.

நாமும் வழக்கம்போல் கணவரிடமே எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுப் புறப்பட எழுந்தோம். அப்போதுதான் அந்தத் தாய் தாழ்ந்த குரலில் கேட்டார்: “சாமி, என் உடம்புல என்ன பண்ணப் போறாங்கன்னு எல்லாருக்கும் தெரியுது. எனக்கு மட்டும் யாரும் சொல்லல. நான் கேக்கலாமா?”

கேட்கலாமா என்பதே அவருடைய கேள்வி. நாமும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வெட்கினோம். அன்று அவருக்குச் சொன்னவற்றையும், பின்னர் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் நம் குடும்பங்கள் அனைத்தும் அறிய வேண்டும் என்று விரும்பி இதனை எழுதுகின்றோம்.

பையும் அதன் ஆயுளும்

மார்பகத்தில் சிலிக்கோன் பையை வைக்கும் அறுவை சிகிச்சை முதன்முதலாக 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடைபெற்றது. அழகுக்காக மட்டும் இது செய்யப்படுகின்றது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். அது தவறு. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களுக்கும், பிறவிக் குறையோடு வளர்ந்தவர்களுக்கும், தீக்காயம் பட்டவர்களுக்கும் இது செய்யப்படுகின்றது. செல்வர்க்கு மட்டும் உரியதும் அன்று. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-இல் இதற்கெனத் தனிப் பிரிவு திறக்கப்பட்டு, ஏழைப் பெண்களுக்கு இலவசமாகவே சிகிச்சை தரத் தொடங்கினார்கள்.

எந்தப் பையும் ஆயுட்காலம் முழுவதும் நிற்பது அன்று. அந்நியப் பொருள் ஒன்று உள்ளே வந்தால், உடல் அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டிக்கொள்கின்றது. இது இயற்கை. சிலருக்கு அந்த உறை சுருங்கி இறுகும். மார்பு கடினமாகி வலிக்கும். சிலருக்குப் பை வெளியே தெரியாமலே கிழிந்துவிடும். ஸ்கேன் செய்தால்தான் தெரியவரும். மிகச் சிலருக்கு, பல ஆண்டுகள் கழித்து, பையைச் சுற்றி நீர் கோத்து மார்பு திடீரென வீங்கும். இந்த வீக்கத்தை ஒருபோதும் அலட்சியம் செய்யலாகாது. பையைச் சூழ்ந்த உறையில் தோன்றும் அரிய வகைப் புற்றுநோயின் அறிகுறியாக அது இருக்கக் கூடும். அந்த நீரைச் சோதித்தே ஆக வேண்டும். சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளோடுதான் இந்நோய் பெரிதும் தொடர்புடையது.

உலகம் கற்ற பாடம்

பிரான்சு நாட்டில் பி.ஐ.பி. என்ற நிறுவனம், மருத்துவத்துக்கு உரியதல்லாத, தொழிற்சாலைகளில் பயன்படும் சிலிக்கோனைப் பைகளில் நிரப்பி விற்றது. 2010-இல் உண்மை வெளிப்பட்டு, அவை சந்தையிலிருந்து நீக்கப்பட்டன. நிறுவனத்தைத் தொடங்கிய ழான் குளோத் மாஸ் என்பவருக்கு 2013-இல் நீதிமன்றம் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

ஏமாற்றப்பட்ட பெண்கள் என்ன செய்வது? பிரான்சு அரசு, கெடுதல் தெரியாவிட்டாலும் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடலாம் என்று 2011 டிசம்பரில் அறிவுரை கூறியது. அடுத்த மாதமே பிரிட்டனின் வல்லுநர் குழு, அனைவருக்கும் எடுத்தாக வேண்டிய தேவைக்குச் சான்று இல்லை, மருத்துவரோடு கலந்து அவரவர் முடிவு செய்க என்றது. அதே பை, இரண்டு நாடுகள், இரண்டு அறிவுரைகள். பின்னர் 2019-இல் அலர்கன் நிறுவனத்தின் சொரசொரப்பான பைகள் அமெரிக்க அரசின் வேண்டுகோளால் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோதும், அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் எடுத்தாக வேண்டியதில்லை என்றே அந்நாட்டு அதிகாரிகள் கூறினார்கள்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? வல்லுநர்களே இருவிதமாய்ச் சொல்லக்கூடிய இடம் இது. எடுப்பதற்கும் ஆபத்து உண்டு, விடுவதற்கும் ஆபத்து உண்டு. இரண்டையும் எடைபோட்டு, எதனைத் தாங்குவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்த உடலுக்கு உரியவரே அன்றி வேறு யார்?

நம் நாட்டுச் சட்டம் கூறுவது

நம் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் அளித்த தீர்ப்பு ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம். தில்லியில் 44 வயதான, திருமணமாகாத பெண் ஒருவர் 1995-இல் உதிரப் போக்குக்காக மருத்துவரிடம் சென்றார். உள்ளே கருவி செலுத்திச் சோதிப்பதற்கு மயக்க மருந்து தரப்பட்டது. அவர் மயக்கத்தில் இருக்கையிலேயே, வெளியில் காத்திருந்த அவருடைய தாயாரிடம் கையொப்பம் பெற்று, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள்.

மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் அவர் செய்தது தவறு என்றே தீர்ப்பளித்தது. நோயாளி வயது வந்தவர்; சிந்திக்கும் திறன் உள்ளவர்; மயக்கம் தற்காலிகமானது; உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. அவர் விழிக்கும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும்; அவருக்காகத் தாயார் தந்த இசைவு செல்லாது என்றது. மருத்துவருக்கு அந்தச் சிகிச்சைக்கான கட்டணம் மறுக்கப்பட்டது. 25,000 ரூபாய் இழப்பீடும் விதிக்கப்பட்டது.

ஆர்.வி. இரவீந்திரன் உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் அளித்த அத்தீர்ப்பு மூன்று செய்திகளைத் தெளிவாக்குகின்றது. ஒன்று, சோதனைக்குத் தந்த இசைவு சிகிச்சைக்கு ஆகாது. ஒரு சிகிச்சைக்குத் தந்தது மற்றொன்றுக்கு ஆகாது. இரண்டு, செய்யப்போவது என்ன, அதன் பயன் என்ன, முக்கியமான ஆபத்துகள் எவை, மாற்று வழிகள் எவை, மறுத்தால் நேர்வது என்ன என்பவற்றைச் சொல்லிய பின் பெறுவதே உண்மையான இசைவு. மூன்று, காத்திருந்தால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கேடு நேரும் என்ற நெருக்கடியில் மட்டுமே இதற்கு விலக்கு உண்டு.

எனவே கணவரின் கையொப்பம் சாட்சியாக அருகில் இருக்கலாம். மனைவியின் கையொப்பத்துக்கு ஈடாகாது.

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் மருத்துவக் குறிப்புகளை மூன்று ஆண்டுகள் காத்துவைக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்று ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள்! பத்து ஆண்டுகள் கழித்துக் கேட்டால் தாள்கள் இல்லாமற் போகலாம். அறுவை முடிந்தவுடனேயே பையின் தயாரிப்பாளர் பெயர், வகை, வரிசை எண் அடங்கிய அட்டையைக் கேட்டு வாங்கி, ஞானஸ்நானச் சான்றிதழ் வைத்திருக்கும் பெட்டியிலேயே வைத்துக் காத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. என் பை கிழிந்திருக்கிறதா? ஸ்கேன் என்ன சொல்கிறது?

2. இப்போதே எடுக்க வேண்டுமா? காத்திருந்தால் என்ன ஆகும்?

3. பையை மட்டும் எடுக்கப் போகிறீர்களா, அதைச் சூழ்ந்த உறையையும் எடுக்கப் போகிறீர்களா? ஏன்? (உறை நெஞ்சுக்கூட்டோடு ஒட்டியிருக்கும். முழுவதையும் உரித்தெடுத்தால் இரத்தப்போக்கும், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வு காயப்படுதலும் நேரலாம். புற்றுநோய் இருந்தாலோ, அதன் ஐயம் இருந்தாலோ ஒழிய, உறையோடு சேர்த்து ஒரே துண்டாக எடுப்பது எல்லாருக்கும் தேவையானது அன்று.)

4. எடுத்த உறையையும் நீரையும் சோதனைக்கு அனுப்புவீர்களா?

5. எடுத்தபின் மார்பு எப்படித் தோன்றும்? வேறு பை வைக்கலாமா, முதுகு அல்லது வயிற்றுத் தசையால் சீரமைக்கலாமா, ஒன்றும் வைக்காமல் விடலாமா?

6. மயக்கத்தில் இருக்கையில் வேறு ஏதேனும் செய்ய நேர்ந்தால், அது எது என்பதை முன்னரே தாளில் எழுதுவீர்களா?

உடல் அசதி, மூட்டுவலி, மறதி ஆகியவற்றுக்குப் பையே காரணம் என்று சில பெண்கள் கூறுகின்றார்கள். அதை உறுதிசெய்யும் இரத்தச் சோதனை எதுவும் இல்லை. எடுத்தபின் நலமடைந்தோர் பலர் உண்டு. எனினும் நலம் உறுதி என்று எவரும் வாக்களிக்க இயலாது. அதற்காக அவர்களைப் பொய் சொல்கின்றார்கள் என்று ஒதுக்குவதும் அறம் அன்று.

செலவைப் பற்றியும் ஒரு சொல். அழகுக்கான அறுவையை மருத்துவக் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் புற்றுநோய், விபத்து, தீக்காயம் ஆகியவற்றுக்குப் பிந்திய சீரமைப்பையும், உடல்நலத்துக்கு நேரடி ஆபத்தை நீக்கும் சிகிச்சையையும் அந்த விலக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே மருத்துவரின் காரணக் குறிப்பு எழுத்தில் இருக்கட்டும். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் குறை நேர்ந்தால், திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம்.

கணவருக்கும் பிள்ளைகளுக்கும்

பன்னிரண்டாம் பத்திநாதர் என்னும் திருத்தந்தை, 1957 நவம்பரில் மருத்துவர்களிடம் பேசுகையில், நோயாளியின் இசைவுக்கு அப்பாற்பட்ட தனி உரிமை மருத்துவருக்கு இல்லை என்று விளக்கினார். மறு ஆண்டு அக்டோபரில், தாம் இறப்பதற்குச் சில நாள்களே முன்பு, இத்தாலிய ஒட்டறுவை மருத்துவர்களைச் சந்தித்து, உடலழகு உயர்ந்த நன்மைகளுக்குக் கீழ்ப்பட்டதேனும் அதுவும் ஒரு நன்மையே என்றார். ஆகவே மார்பகத்தை இழந்த பெண் தன் தோற்றத்தைப் பற்றிக் கவலைப்பட்டால், ‘இந்த வயதில் இது எதற்கு?’ என்று கேட்டு அவரை நோகடிக்காதீர்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், ‘ஊர் என்ன சொல்லும்?’ என்று அச்சுறுத்தவும் வேண்டாம்.

கூடவே சென்று உட்காருங்கள். மருத்துவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது மருத்துவர் ஒருவரின் கருத்தையும் கேட்க விரும்பினால் பேருந்துச் செலவைப் பாராமல் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் மருத்துவர் கேள்வி கேட்கும்போது, பதிலை அவரே சொல்லட்டும்.

நிலக்கோட்டைப் பக்கத்துத் தாய் என்ன செய்தார்? குறித்த நாளைத் தள்ளிவைத்தார். மருமகளை அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கேட்டார். மருத்துவர் சினங்கொள்வார் என்று அஞ்சியிருந்தார். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டுப் படம் வரைந்து விளக்கினாராம். பையை எடுத்துவிடலாம், வேறொன்று வேண்டாம் என்பது அந்தத் தாயின் முடிவு. மகனுக்கு அது முழுச் சம்மதம் இல்லை. ஆயினும் புதிய தாளில், அறிவொளி இயக்கக் காலத்தில் கற்றுக்கொண்ட எழுத்தில், அவரே தம் பெயரை எழுதினார்.

“முன்னே ரெண்டு தடவையும் அவர்தான் போட்டாரு சாமி. இது நான் போட்டது” என்று நம்மிடம் சொன்னபோது, அவர் குரல் முன்போல் தாழ்ந்திருக்கவில்லை.