போகும் நேரமும் திரும்பும் நேரமும்



லண்டன் மாநகருக்கும் நியூயார்க் மாநகருக்கும் இடையே உள்ள வான்வழித் தொலைவு சுமார் 5,550 கிலோமீட்டர். நண்பகல் 12 மணிக்கு லண்டனைவிட்டுப் புறப்பட்ட விமானம் பிற்பகல் 3 மணிக்கு நியூயார்க்கை அடைகிறது என்று கொள்வோம். மாலை 7 மணிக்கு அங்கிருந்து திரும்பும் விமானமோ மறுநாள் காலை 7 மணிக்குத்தான் லண்டனைச் சேர்கிறது. போவதற்கு மூன்று மணி நேரமும் வருவதற்குப் பன்னிரண்டு மணி நேரமுமா ஆகின்றன? இல்லை. ஆண்டின் பெரும்பகுதியில் லண்டன் கடிகாரம் நியூயார்க் கடிகாரத்தைவிட 5 மணி முன்னே செல்கிறது. அதனைக் கணக்கிற் கொண்டால், போவதற்கு 8 மணி நேரமும் திரும்புவதற்கு 7 மணி நேரமும் ஆகும்.

அப்படியும் ஒரு மணி நேரம் வேறுபடுகிறதே, ஏன்? பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் நியூயார்க் விமானத்தைவிட்டு விலகி ஓடுகிறது என்று சிலர் கருதுவர். அது பிழை, பூமியோடு அதனைச் சூழ்ந்த காற்றும் சுழல்கிறது. உண்மைக் காரணம் வேறு. ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, வானத்து ஆறு போல ஒரு பெருங்காற்று வீசுகிறது. அதனை ஜெட் காற்றோட்டம் என்பர். ஜப்பானியர் வசாபுரோ ஓயிஷி 1920-களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு அக்காற்றை ஆராய்ந்தார். 2020 பிப்ரவரியில் அக்காற்று மிக வலுத்திருந்தபோது, பயணிகள் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்திற்குள் வந்து சேர்ந்தது.

இதனை நான் வகுப்பில் விளக்கியபொழுது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, போகும்போது இழந்த நேரம் முழுவதும் திரும்பும்போது கிடைத்துவிடுமா?" என்று வினவினான். "ஆம், இரண்டும் சரியாகிவிடும்" என்றேன். "ஆகாது என்று தோன்றுகிறதே, ஐயா" என்றான். "உட்கார்" என்று அதட்டிவிட்டேன்.

அன்றிரவு மனம் உறுத்தவே, தாளை எடுத்துக் கணக்கிட்டேன். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர். காற்றின் வேகம் 100. எதிர்காற்றில் வேகம் 800 ஆகிறது. பயணத்திற்கு 6 மணி 56 நிமிடம். பின்காற்றில் வேகம் 1,000. அதற்கு 5 மணி 33 நிமிடம். மொத்தம் 12 மணி 29 நிமிடம். காற்றே இல்லையெனில் போகவர 12 மணி 20 நிமிடமே ஆகும். ஒன்பது நிமிடம் நட்டம்! தடுக்கும் காற்றில் விமானம் நெடுநேரம் இருக்கிறது. உதவும் காற்றிலோ சிறிது நேரமே இருக்கிறது. அதனால்தான் இழந்தது முழுவதும் மீள்வதில்லை.

தலைமையாசிரியன் தன் தவற்றை மாணவர் முன் ஒப்புக்கொள்வதா என்று முதலில் கூசினேன். ஆயினும் மறுநாள் அம்மாணவனை அழைத்து, அவன் கையாலேயே அக்கணக்கைக் கரும்பலகையில் எழுதச் செய்தேன். பிழை என்னுடையது என்று வகுப்பறியச் சொன்னேன். அதன்பின் அவ்வகுப்பில் கேள்விகள் பெருகின.

காற்றின் வேகம் 200 ஆனால் நட்டம் இரு மடங்காகுமா, அதனினும் மிகுமா? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.